படல் சாத்தியாச்சு

கூம்,
2 மார்ச் 1987

அன்புத் தங்கை ஹெஸ்டருக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். வில்ஃபிரட் போய் ஒரு குளிர்காலமே முடிந்துவிட்டது. நீ கதவும் திறப்பதில்லை, போனும் எடுப்பதில்லை. உனக்குக் கணவனாவதற்கு முன்பே அவன் எனக்குச் சிநேகிதன். அந்தத் துக்கம் எனக்கும் உண்டு.

நம் நடைக் குழு அவன் பெயரில் ஒரு பெஞ்சு போடப்போகிறது. மேய்ச்சல் நிலத்து ஆலைப் படலுக்குப் பக்கத்தில், அன்றைய நடையில் அவன் விழுந்த இடத்திலேயே. ஈஸ்டர் திங்களன்று வழக்கம்போல் தோர்லியிலிருந்து கூம் வரை நடக்கிறோம். நீயும் வர வேண்டும். மாரடைப்பும்மா, நொடியில் முடிந்திருக்கும். யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

உன் அண்ணன்,
ரோலண்ட்

தோர்லி,
9 மார்ச் 1987

அன்புள்ள அண்ணா,

நொடியில் முடியவில்லை. இருட்டும் நேரத்தில் அவரைக் கண்டெடுத்த பண்ணைக்காரர் வீட்டுக்கு வந்து சொன்னார். படலின் அடியில் புல் பிய்ந்து கிடந்ததாம். நகமெல்லாம் மண்ணாம். ஆனால் படல் சாத்தி, கொக்கி மாட்டியிருந்ததாம். செம்மறிகள் வெளியே போய்விடக் கூடாதே என்று, விழுந்த பிறகும் எழுந்து சாத்தியிருக்கிறார். மனுஷன் தன் வேலையை முடித்துவிட்டார்.

நான் கேட்பது ஒன்றுதான். கடைசியாக வருபவர் வழியிலுள்ள ஒவ்வொரு படலையும் சாத்திவிட்டு "சாத்தியாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அது காதில் விழுந்த பிறகுதான் முன்னால் போகிறவர் நகர வேண்டும். உங்கள் குழுவில் என்றைக்கும் அதுதான் வழக்கம். கடைசியில் வந்தது அவர், முன்னால் போனது நீ. அன்று ஆலைப் படலில் அந்தக் குரல் கேட்டதா?

உன் தங்கை,
ஹெஸ்டர்

கூம்,
20 மார்ச் 1987

அன்புத் தங்கைக்கு,

மழை கொட்டியது. தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தேன். கேட்ட மாதிரிதான் இருந்தது. நடை முடிந்து நாங்கள் சாப்பிடும் பப்பில் மதியத்தோடு சமையலறையை மூடிவிடுவார்கள், உனக்கே தெரியும். எல்லோரும் நனைந்து, பசியில் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள்.

தலை எண்ணுவது கடைசி ஆளின் வேலை. எண்ணுகிறவனே இல்லாவிட்டால் அவனை யார் எண்ணுவது? பஸ் பிடித்துப் போயிருப்பான் என்று நினைத்துவிட்டோம். என்னைக் குடையாதே, ஹெஸ்டர். பெஞ்சில் என்ன பொறிக்கலாம் என்று சொல்.

அண்ணன்,
ரோலண்ட்

தோர்லி,
2 ஏப்ரல் 1987

அண்ணா,

நேற்று ஃபிலிஸ் வந்தாள். அன்று உனக்கு அடுத்தபடியாக நடந்தவள். கேக் கொண்டுவந்தாள், அழுதாள், பிறகு சொன்னாள். பப்பில் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதுதானே உங்கள் பழக்கம். அவர் தட்டும் மேசைக்கு வந்திருக்கிறது. ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, புதினாத் துவையல். சாப்பிட ஆள் இல்லை. திரும்பிப் போய்ப் பார்க்கலாமா என்று அவள் கேட்டிருக்கிறாள். அதற்கு நீ சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவன் எங்க போயிடப்போறான், நமக்கு முன்னாடி வீட்டுல காலை நீட்டிக்கிட்டு இருப்பான். ஆறுது பாரு, பங்கு போட்டுச் சாப்பிடுங்க."

எண்ணுவதற்கு ஆள் எதற்கு, தட்டு கண்ணெதிரே இருந்திருக்கிறதே. அவர் மழையில் புல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்த நேரத்தில் நீ அவர் சாப்பாட்டைத் தின்றிருக்கிறாய். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெஞ்சு வேண்டாம். ஈஸ்டர் திங்களன்று வருகிறேன். நீ முன்னால் போ, நான் கடைசியில் வருகிறேன். எல்லாப் படலையும் சாத்திவிட்டுக் குரல் கொடுப்பேன். ஆலைப் படலையும் சாத்துவேன். அங்கே மட்டும் குரல் கொடுக்க மாட்டேன். நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கிறேன்.

ஹெஸ்டர்