மூன்றாவது பங்கு

மார்ச் 4, புதன்

இன்றைக்கும் நூற்றெண்பது படுக்கை விரிப்பு மடித்தேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆவி பைப் கசிகிறது, சரி பண்ண ஆள் வரவில்லை. தோள் கழன்று விழுந்துவிடும் போல இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அம்மா, கோபப்படாம கேளு." அப்படி ஆரம்பித்தாலே எனக்குப் பாதி கோபம் வந்துவிடும். ஏப்ரல் ஒன்றாம் தேதி நர்சிங் பயிற்சி தொடங்குகிறதாம். ஊர்க் கோடியில். காலை ஐந்தரைக்கு அங்கே நிற்கணும், முதல் பஸ்ஸே ஐந்தே முக்காலுக்குத்தான் கிளம்புகிறது. அதனால் கார் வேணுமாம். லைசென்ஸ் போன மாதமே எடுத்துவிட்டாளாம்.

கார்! பதினெட்டு முடிஞ்சு நாலு மாசம். இவ அப்பா ஆயிரம் காருக்கு மேல சீட் கவர் தைச்சவர், சொந்தமா ஒரு டயர்கூட வாங்கல.

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 5, வியாழன்

அவர் போய் ஏழு மாதம். தையல் மெஷின் மேல் போட்ட போர்வை போட்டபடியே கிடக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

பார்க்கத்தானே, காசா பணமா என்று இழுத்துக்கொண்டு போனாள். பழைய கார் விற்கும் கடை. அவர் இருபது வருஷம் வேலை செய்து கொடுத்த இடம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "மாஸ்டர் வீட்டம்மாவா! வாங்கக்கா."

சின்ன வண்டி. சாம்பல் நிறம். சீட்டெல்லாம் எலி குதறியது போலக் கிழிசல். மகள் முன்மூடியைத் தூக்கி உள்ளே குனிந்து, இது என்ன அது என்ன என்று கேட்காமல், "பெல்ட் மாத்தணும்ல அண்ணே?" என்றாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எங்கே கற்றுக்கொண்டாள்? எனக்குத் தெரியாமல் என் வீட்டில் யாரோ வளர்ந்திருக்கிறார்கள்.

மாசக் கடைசி வரை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றார்.

சாயங்காலம் பேச்சு தொடங்கியது. எங்கள் வீட்டில் அவர் வைத்த முறை ஒன்று உண்டு. பெரிய சாமான் எது வந்தாலும் மூன்று பேரும் பங்கு போடணும். ஃபிரிட்ஜ் வாங்கும்போது இவளுக்கு ஆறு வயசு. சில்லறை டப்பாவைக் கவிழ்த்துக் கொடுத்துவிட்டு, "மேல் தட்டு என்னுது" என்று சட்டம் போட்டாள். இன்னும் அது அவளுடையதுதான்.

"மூணா பிரிக்கலாம்மா" என்றாள். பேக்கரியில் இரண்டு வருஷம் நின்று சேர்த்தது ஒரு பங்கு தேறும். என்னிடம் இருப்பது ஒரு பங்கு. அதற்கு மேல் வழித்தாலும் வராது.

"மூணாவது யாருடி?"

"அப்பா."

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தேன். நல்லவேளை, போடவில்லை. என்ன பேச்சு இது? செத்துப்போன மனுஷன்... ஆனால் அவள் அழவும் இல்லை, விளையாடவும் இல்லை. கணக்கு சொல்கிற மாதிரி சொன்னாள்.

மார்ச் 10, செவ்வாய்

தம்பி வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "செத்தவர்கிட்ட பங்கு கேக்கற வீட்ட இப்பதான்க்கா பாக்கறேன்" என்றான். பிறகு மனசு கேட்காமல், "சரி, அந்தப் பங்க நான் போடறேன்."

"வேணாம் மாமா. நீங்க போட்டா முன் சீட்ட உங்களுக்குத் தரணும். அது அம்மா சீட்டு."

"வாய் பாரு இவளுக்கு! அப்ப அந்த மெஷின வித்துத் தொலைங்க. சும்மாதான தூசி திங்குது."

அவன் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் மனசு வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

வித்துவிடலாம் என்றே முடிவு பண்ணி ஆளை வரச் சொன்னேன். வந்தவர் போர்வையை நீக்கினார். ஏழு மாதம் கழித்து இரும்பைப் பார்க்கிறேன். ஊசியில் அவர் கடைசியாகக் கோர்த்த கறுப்பு நூல் அப்படியே.

"ஓடுதாம்மா?"

தெரியாதுங்க என்றேன். மகள் போய் உட்கார்ந்தாள். கிழிந்த ரெக்சின் துண்டு ஒன்றை வைத்து மெதுவாக மிதித்தாள்.

அந்தச் சத்தம்! ஐயோ, அந்தச் சத்தம். சமையலறை டம்ளரெல்லாம் கிணுகிணு என்று ஆடியது. இருபத்திரண்டு வருஷம் அந்த ஆட்டத்தில்தான் சோறு ஆக்கினேன், அது நின்றுபோனதைக்கூட இத்தனை நாள் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். வீடு உயிரோடு இருக்கிற சத்தம் அது.

வந்தவர் விலை சொன்னார். நல்ல விலைதான். விக்கறதுக்கில்லைங்க, மன்னிச்சுக்கோங்க என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

அப்படியானால் கார் கிடையாது.

மார்ச் 13, வெள்ளி

இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா! நேராகக் கார் கடைக்குப் போய், "உங்க மூணு வண்டிக்கு சீட் கவர் தைச்சுத் தர்றோம், ரெக்சின் உங்களுது, கூலி எங்க அப்பா பங்குல கழிச்சுக்கோங்க" என்று பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறாள். யார் தைக்கறது என்று கேட்டாராம். "எங்கம்மா"வாம்.

"அடிப்பாவி! நான் நூல் வெட்டிக் கொடுத்தவடி! ஓரம் பிடிச்சு உக்காந்திருந்தவ! எனக்கு என்ன தெரியும்?"

"இருபத்திரண்டு வருஷம் பக்கத்துல உக்காந்து என்னம்மா பாத்த?"

அவரைத்தான் பார்த்தேன். அதை எப்படி இவளிடம் சொல்வது?

மார்ச் 15, ஞாயிறு

பரண் மேலிருந்து அளவு அட்டைகளை இறக்கினோம். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கட்டு, மேலே அவர் கையெழுத்து. முதல் வண்டிக்குப் பழுப்பு ரெக்சின். அட்டையை வைத்து நான் கோடு போட, அவள் வெட்டினாள். பெடலை நான் மிதித்தேன். முதல் தையல் பாம்பு மாதிரி நெளிந்தது. பிரித்தேன். ஆறாவது தடவை நேராக வந்தது. நேராக! என் விரலுக்குக் கீழிருந்து!

மார்ச் 18, புதன்

மானம் போனது. லீவு போட்டு, முன் சீட் இரண்டுக்கும் மாட்டப் போனோம். ஓட்டுகிறவர் சீட்டுக்குக் கச்சிதம். பக்கத்து சீட்டில் சாய்க்கும் கைப்பிடி ஒரு பக்கம், கவரில் அதற்கான ஓட்டை எதிர்ப்பக்கம். இரண்டு கவரையும் ஒரே பக்கத்துக்கு வெட்டித் தைத்திருக்கிறோம்.

கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அக்கா, மாஸ்டர் ஒரு அட்டதான் வெப்பாரு. மறு பக்கத்துக்கு அதத் திருப்பிப் போட்டு வெட்டுவாரு."

ஆமாம். ஒரு பக்கம் வெட்டி முடித்ததும் அட்டையைப் பட்டென்று திருப்பி வைப்பார். அந்தச் சத்தம்கூடக் காதில் இருக்கிறது. எதற்கென்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வீணான ரெக்சினுக்கு என் ஒரு நாள் சம்பளம் போனது. நான் தலை குனிந்து நிற்கிறேன், மகள் அந்தக் கவரைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, "காசு கொடுத்தாச்சுல்ல, அப்ப இது எங்களுது. எங்க வண்டியும் இதே மாடல்தான?" என்றாள்.

*எங்க வண்டி.* இன்னும் வாங்கவே இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

முதல் வண்டி முடிந்தது. இரண்டாவது பாதி. வேலை விட்டு வந்தால் மெஷின், மெஷினை விட்டால் தூக்கம். தோள் வலிக்கிறதா என்று நினைத்துப் பார்க்க நேரமில்லை.

மார்ச் 28, சனி

மூன்றாவது வண்டியும் முடிந்தது. கடைக்காரர் ஒவ்வொரு தையலாக விரல் ஓட்டிப் பார்த்தார். எங்கள் இரண்டு பங்குப் பணத்தையும் எண்ணி வைத்தேன். சாவியை எடுத்து மகளிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். "மாஸ்டர் பங்கு தீந்துதுக்கா."

அவ்வளவுதான் சொன்னார். நான் அழுதேன், அங்கேயே, எல்லோர் முன்னாலும். மகள் சாவியை வாங்க மறந்து நின்றாள்.

மார்ச் 29, ஞாயிறு

தப்பாக வெட்டிய கவரை என் சீட்டுக்கு மாட்டினோம். சரியான பக்கம் புது ஓட்டை போட்டு, பழைய ஓட்டையைக் கையாலேயே ஒட்டுப் போட்டுத் தைத்தேன். எங்கள் வண்டியில் அது ஒன்றுதான் புதுசு, மற்றதெல்லாம் இன்னும் கிழிசல்.

என்னை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனாள். குப்பை வண்டி ஒன்று எதிரே வர, சந்து முழுக்க ரிவர்ஸிலேயே வந்தாள், சுவரில் உரசாமல், தலையை மட்டும் திருப்பி. நான் பெற்ற பிள்ளை, ஒரு கையால் இத்தனை இரும்பை நகர்த்துகிறது. ஒட்டுப் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, பயமா?"

"இல்லடி."

பயம் இல்லை. வேறு ஏதோ. அதற்கு எனக்கு வார்த்தை தெரியாது.

ஏப்ரல் 1, புதன்

நாலே முக்காலுக்கு வெள்ளைச் சட்டையோடு தனியாகக் கிளம்பினாள். தெருமுனையில் ஒரு தடவை பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்து, வண்டி திரும்பிவிட்டது.

ஏப்ரல் 5, ஞாயிறு

கடைக்காரர் ஆள் வந்து இன்னொரு வண்டிக்கு ரெக்சின் இறக்கிவிட்டுப் போனார். கேட்கக்கூட இல்லை. இந்தத் தடவை ஒரு பக்கம் வெட்டியதும் அட்டையைத் திருப்பிப் போட்டேன்.

இதுவரை இந்த நோட்டில் பின்பக்கமிருந்துதான் எழுதி வருகிறேன். முன்பக்கம் அவருடைய ஆர்டர்கள், பிரிக்கவே மாட்டேன் என்று இருந்தேன். இன்றைக்குப் பிரித்தேன். கடைசியாக அவர் எழுதியது 1146. அதற்குக் கீழே 1147 என்று போட்டு, வண்டி மாடலும் நிறமும் எழுதினேன்.

என் ஏழு கொஞ்சம் கோணல்.