பூண்டு நாறும் மூச்சு

ஜூலை 2

இதைக் கண்டெடுத்துப் படிக்கிறவர் யாராயிருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் மட்டும் செத்தாலும் காட்டாதீர்கள். மெத்தைக்கு அடியிலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.

இன்றைக்கும் பூண்டு அக்கா வந்தாள். அப்பாவின் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள்; வரும்போது எனக்கு வேதியியலும் சொல்லித் தருவாள். வாயைத் திறந்தாலே நாற்றம். பூண்டை அழுகவிட்டு அதில் துணியை ஊறவைத்த மாதிரி. மூச்சை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். அவள் போனதும் அம்மா ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, "இவ வந்துட்டுப் போனா ஒரு வாரத்துக்குக் கொசுகூட எட்டிப் பாக்காது" என்றாள். சிரித்தேன். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 5

கேட்டேவிட்டேன், பல்லே தேய்க்க மாட்டீங்களா என்று. அவள் கோபப்படவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டெல்லூரியம் பாப்பா. துளி உடம்புக்குள்ள போனாப் போதும், மூச்சு வேர்வை எல்லாம் இப்படித்தான் நாறும். தேய்ச்சாலும் போகாது. மாசக்கணக்கா இருக்கும். பஸ்ல என் பக்கத்து சீட்டு எப்பவும் காலிதான்."

அவள் வளர்த்த படிகத்தைப் படமாக வரைந்து காட்டினாள். நடுவில் டெல்லூரியம். சுற்றி நான்கு கந்தகம், தட்டையான சதுரமாக. குளோரின் அதோடு ஒட்டவேயில்லை, வெளியே நிற்கிறது. ஓரத்து ஹைட்ரஜன்கள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றனவாம். ஹைட்ரஜன் பிணைப்பு. "லேசான பிடிதான். ஆனா அது விட்டா படிகமே நிக்காது." எனக்கு அந்தக் குளோரினைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

ஜூலை 11

அந்தப் படிகத்தைப் பற்றிய கட்டுரை வெளியாகிவிட்டது. அப்பா பெயர் மட்டும்தான். தன் பெயர் எங்கே என்று அக்கா வாசலில் நின்று கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே, "நீ குடுவை கழுவினவம்மா. படிகம் வளர்த்தது நான்" என்றார்.

அப்பா மூச்சில் புதினா மிட்டாய் வாசனை. எப்போதும் அதுதான். அப்படியென்றால் —

ஜூலை 14

அக்கா பல்கலைக்கழகத்தில் புகார் கொடுத்துவிட்டாள். விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். பொய்ப் புகார் என்று ஆனால் அவள் படிப்பே போய்விடுமாம். அப்பா இதை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். புகாரில் இருந்த ஒரு வரியைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை: டெல்லூரியத்தைத் தொட்டது யார் என்று எங்கள் இருவர் மூச்சையும் முகர்ந்து பாருங்கள்.

ஜூலை 17

ச்சீ.

காலையில் சமையலறையில் அப்பா. அம்மா உரித்துப் போடப் போட, பச்சைப் பூண்டை மென்று விழுங்குகிறார். கண்ணில் தண்ணீர், தாடையில் எச்சில். இன்றைக்குத்தான் விசாரணை. என்னைப் பார்த்துவிட்டார். "வெளிய மூச்சு விட்டே, தோலை உரிச்சிருவேன்." அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. பள்ளிக்கூடக் கழிவறையில் வாந்தியெடுத்தேன்.

அம்மா எப்படி உரித்துக் கொடுத்தாள்? அதே கையால்தான் எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னலை மூக்கருகே கொண்டுபோக முடியவில்லை.

ஜூலை 18

இரண்டு பேர் மூச்சும் நாறுகிறது, ஒன்றும் தெரியவில்லை என்று குழு சொல்லிவிட்டதாம். அடுத்த வாரம் முடிவு. இன்று அப்பா மூச்சில் பழையபடி புதினா. எனக்கு இப்போது அதுதான் குமட்டுகிறது.

ஜூலை 20

பேருந்து நிறுத்தத்தில் அக்கா. அவளைச் சுற்றி இடம் காலி. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தக் குழுக்காரங்களைச் சொல்லாம கொள்ளாம வரச் சொல்லுங்கக்கா."

ஏன் என்றாள். சொன்னேன், பூண்டு, அம்மா, எல்லாவற்றையும். அவள் வாயைப் பொத்தக்கூட மறந்துவிட்டாள். நாற்றம் நேராக என் முகத்தில். பேருந்து வரும்வரை எழுந்திருக்கவில்லை.

ஜூலை 21

ஏன் சொன்னேன்?

ஜூலை 23

மத்தியானம் குழு நேராக ஆய்வகத்துக்கே போயிருக்கிறது. அப்பா புதினா மிட்டாய் மென்றுகொண்டிருந்தாராம், மூச்சில் பூண்டு நாற்றமே இல்லையாம். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார்கள்.

சுவர் வழியாகக் கேட்கிறது. "வீட்டுக்குள்ள இருந்துதான் போயிருக்கு. யாரு சொன்னது?"

அம்மா பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு அம்மா, "நான்தான்" என்றாள்.

அம்மாவா? சொன்னது நான் என்று அம்மாவுக்குத் தெரியுமா? நான் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். எழுந்து போய் —

யாரோ என் கதவைத் தட்டுகிறார்கள். அம்மாவாக இருக்கக் கூடாதா. கதவிடுக்கு வழியாகப் புதினா வாச —