தம்பி கேட்ட கத்தி

12 பிப்ரவரி 2008, செவ்வாய். தலத்தெரு.

கிழிந்த வலையைச் சரிசெய்யத் தம்பி செல்வம் இன்று கத்தி கேட்டான். சாகப்போவதாக அவன் சொல்லத் தொடங்கியதிலிருந்து, கிளிஞ்சல்மேட்டில் அவன் வீட்டிலிருந்த கத்திகளும் கயிறுகளும் என் வக்கீல் அலுவலக அலமாரியில் பூட்டப்பட்டிருக்கின்றன. அவனும் இங்கே என்னோடுதான் இருக்கிறான்.

சனிக்கிழமை புதுச்சேரியில் மருத்துவர் ஒரு மயக்க மருந்தைக் குறைந்த அளவில் அவனுக்கு ஊசி வழியே ஏற்றினார். மாத்திரை வேலைசெய்ய வாரக்கணக்காகும், இது சில மணி நேரத்திலேயே மனத்தைத் தேற்றக்கூடும் என்றார். மனச்சோர்வுக்கு இதைக் கொடுப்பது புதிய முயற்சி என்பதையும், பலன் எத்தனை நாள் நிற்குமென உறுதிகூற இயலாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. மாத்திரையும் தொடர்கிறது. அன்று மாலையே செல்வம் சங்கரா மீன் குழம்பு கேட்டுச் சாப்பிட்டான்.

"கத்தியக் குடுங்கண்ணே."

"அந்த நெனப்பு இப்பவும் வருதாடா?"

"சனிக்கெழமையிலேருந்து வரல. நாளைக்கு எப்புடின்னு எனக்குத் தெரியாது."

அதற்குமேல் குறுக்கு விசாரணை தேவைப்படவில்லை. ஆயினும் வலை ஊசியையும் நூலையும் மட்டுமே கொடுத்தேன்.

"கத்திக்கு இடைக்காலத் தடையாக்கும்," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு மாதங்களாகின்றன.

பிறகு அவன் பின்னினான். நூலை வெட்ட வேண்டிய இடத்திலெல்லாம் என்னிடம் நீட்டினான். நான் கத்தியுடன் அருகிலமர்ந்து வெட்டிக் கொடுத்தேன்.

"கோணலா வெட்றீங்கண்ணே."

பாதி வலை மிச்சமிருக்கிறது. நாளைக் காலை வரவிருக்கும் கட்சிக்காரரைப் பிற்பகலில் வரச் சொல்ல வேண்டும்.