முடி கொட்டியதற்கு நானே காரணம்

பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? பாப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

இங்கே என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் எலக்ட்ரீஷியன் தம்பிக்குத் திடீரென்று கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. வீடியோ காலில் அதைப் பார்த்த நம் ஊர்ப் பெண்வீட்டார் அவன் நிச்சயத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். தொட்டித் தண்ணீர்மேல் சந்தேகப்பட்டு, பாட்டில் தண்ணீரில் குளித்தும் நிற்கவில்லை. துணைக்கு நானும் டாக்டரிடம் போனேன்.

"மூணு மாசம் முன்னாடி பெரிய காய்ச்சல் ஏதும் வந்துச்சா?" என்றார்.

"ஆமா, இந்த அண்ணன்கிட்டேருந்து தொத்திக்கிச்சு சார்," என்றான் தம்பி.

டாக்டர் என் தலையைப் பார்த்தார். "இது காய்ச்சலுக்கு முன்னாடியே காலி சார்," என்றேன்.

கடும் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படிக் கொட்டுமாம். சில மாதங்களில் தானாக முளைத்துவிடுமாம்.

அந்தக் காய்ச்சலை உனக்கு எழுதாமல் மறைத்துவிட்டேன், கோபப்படாதே. எட்டு நாள் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த பிறகுதான் அவன் படுத்தான். நீ நாளைக்கே பெண்ணின் அம்மாவைப் பார்த்து இதையெல்லாம் சொல். முடி வளர்ந்துவிடும், இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்கமாட்டான்.

அவன் என் நெற்றியில் ஈரத்துணி போட்டபோது, நீ என்று நினைத்து நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். அதை மட்டும் அங்கே சொல்லாதே.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

பாப்பா அப்பா