மூழ்கும் கப்பலைப் பற்றி அக்கா கேட்ட கேள்விகள்

அக்கா,

இன்று காலை விதைநெல் தேர்ந்தெடுக்க அண்டாத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, உப்பு போதுமா என்று பார்க்க முட்டையைப் போட்டேன். முதலில் அடியில் கிடந்தது. இன்னும் இரண்டு கை உப்பு போட்டதும் மேலே வந்து காசளவு தலையைக் காட்டியது. முட்டை எழும்பும்போதெல்லாம் உன் குரல்தான் முதலில் வருகிறது. "நல்ல நெல்லு முழுகும், பதருதான்டா மிதக்கும். உன்ன எதுல சேத்திருக்கானுங்க?"

கடற்படையில் சேர்ந்த இரண்டாம் வருடம் நான் லீவில் வந்திருந்தேன். கூலி உயர்வு கேட்டு ஊரில் யாரும் பண்ணை வயலில் இறங்காத நேரம். மதகடியில் போலீஸ் வேன் நின்றது. மறியல் செய்து பத்து நாள் ஜெயிலில் இருந்துவிட்டு நீ அப்போதுதான் திரும்பியிருந்தாய். கோயில் நிலத்தில் நமக்கிருந்த இரண்டு மா குத்தகைக்காக, இதேபோல் உப்புத் தண்ணீரில் முட்டை போட்டு விதை பார்த்துக்கொண்டிருந்தாய். நீர்மூழ்கிக் கப்பலுக்கு மனுக் கொடுக்கப் போகிறேன் என்றதும் உன் கை அண்டாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்பாவை வெட்டாற்று வெள்ளம் கொண்டுபோன வீடு நம்முடையது. நீ வேண்டாம் என்றால் மனுவைக் கிழித்துவிடுவதாக இருந்தேன்.

"ஜன்னல் உண்டா?"

"இல்லக்கா."

"ஜெயில்ல கூட இருந்துச்சுடா."

அழுவாய் என்று பயந்தேன். நீயோ முந்தானையைச் செருகிக்கொண்டு, "எப்படி முழுகும், எப்படி எந்திரிக்கும்? காட்டு" என்றாய்.

செம்பைக் கவிழ்த்துத் தண்ணீரில் விட்டேன். உள்ளே காற்று இருந்ததால் மிதந்தது. கப்பலுக்கு இரண்டு சுவர், நடுவில் தொட்டிகள். தொட்டிக்கு அடியில் ஓட்டை, மேலே மூடி. மூடியைத் திறந்தால் காற்று வெளியேறும், அடிவழியாகக் கடல் உள்ளே வரும். இப்படிச் சொல்லிச் செம்பைச் சாய்த்தேன். குமிழி விட்டுக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது. பப்பாளி இலைக்காம்புக் குழலை அதன் வாய்க்குள் நுழைத்து ஊதினேன். உள்ளிருந்த தண்ணீர் வெளியேற, செம்பு ஆடி ஆடி எழுந்தது. குழலைப் பிடுங்கி நீயும் நாலு தடவை ஊதினாய். மேலேயும் வராமல் அடியிலும் உட்காராமல் நடுவில் நிறுத்தப் பார்த்தாய். அது நிற்கவில்லை. "அதுதான்க்கா கஷ்டம், அதுக்குத் தனியா ஆளு இருக்கு" என்றேன்.

பிறகு முட்டையைப் பார்த்தபடியே கேட்டாய்: "உப்புத் தண்ணி தூக்குது, நல்ல தண்ணி வுட்டுடுது. அப்ப வெட்டாறு கடல்ல கலக்கற எடத்துக்கு வந்தா, உன் கப்பலு தானா கீழ எறங்குமே?"

ஆறு மாதம் கழித்துப் பயிற்சி வகுப்பில் அதிகாரி அதே கேள்வியைக் கேட்டபோது கை தூக்கியவன் நான் ஒருவன்தான். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். வயல் வேலை செய்கிற என் அக்கா என்றேன். அவர் நம்பவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டாய். "ஊதுறதுக்குக் காத்து ஏது?"

"சிலிண்டர்ல அடைச்சு வச்சிருப்பாங்கக்கா."

"அது தீந்துட்டா?"

"தீராதுக்கா."

என் முகத்தை ஒருமுறை பார்த்தாய். பிறகு "போயிட்டு வா" என்றாய்.

அது பொய், அக்கா. காற்று தீரும். மேலே வந்து இயந்திரத்தை ஓட்டி மறுபடி அடைத்தால்தான் உண்டு. பதினாலு வருடம் கப்பலில் இருந்தேன். என் முறை தொடங்கியதும் முதலில் போய்ப் பார்த்தது அந்தக் காற்றின் அளவு காட்டும் முள்ளைத்தான். அது என் வேலையே இல்லை. கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

லீவு முடிந்து கிளம்பிய அன்று, பையை எடுக்க உள்ளே போனவன் நெல் கொட்டி வைக்கும் குதிருக்குள் எட்டிப் பார்த்தேன். வெறும் அடி தெரிந்தது. விதைநெல்லைத் தவிர வீட்டில் ஒரு மணி இல்லை. நான் வந்த நாளிலிருந்து, "நெல்லு நெறைய கெடக்குடா, நல்லா சாப்புடு" என்று தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாய். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

என் பொய் உனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்க இனி நீ இல்லை. உன் பொய் எனக்குத் தெரியும், அக்கா.