நனைந்த சாக்கு

மக்கா,

இன்றைக்குக் காலையில் வேனுக்குள் மறுபடியும் அந்தப் புகை மணம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரணியல் ஸ்டேஷன் திருப்பத்தில் வரும்போது மூக்கில் ஏறியது. பின்சீட்டில் இருந்த குட்டி ஒருத்தி, "அக்கா, தல வலிக்கு, வாந்தி வருகு" என்றாள். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டுப் பள்ளிக்கூட வாசல்வரை ஊர்ந்தே போனேன். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய வழியெல்லாம் உன்னைத்தான் திட்டினேன். செத்துப்போன தம்பியைத் திட்டுகிறவளை ஆண்டவர் என்ன நினைப்பாரோ, நினைத்துவிட்டுப் போகட்டும்.

வேனின் புகைக்குழாயில் நீ போட்ட வெல்டிங் ஒட்டு கடைசிவரை விடவில்லைலே. மணவாளக்குறிச்சிப் பக்கம் தினமும் போய்வந்த உப்புக்காற்றில் சைலன்சர் பெட்டிதான் துருப்பிடித்து ஓட்டையானது. புதுப் பெட்டி வாங்கி, உன் குழாயோடு சேர்த்து ஒட்டித் தரச் சொல்லிப் போன மாதம் தக்கலையில் ஒரு வெல்டிங்காரரிடம் கொடுத்தேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

அந்தக் குழாயை நீ கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? வளைகுடா வேலையை விட்டு வந்து நீ வெல்டிங் ஷெட் போட்டிருந்த புதிது. நான் வேன் வாங்கியதும் அப்போதுதான். ஆக்கர் கடையில் பழைய இரும்புக் குவியலுக்குள் பொறுக்கி எடுத்ததை மாப்பிள்ளை மாதிரித் தோளில் சுமந்து வந்தாய். எஸ்.எஸ். குழாய் என்றாய். "எவர்சில்வர்லயா சைலன்சர்? மிச்சத்துல எனக்கு ஒரு தம்ளர் செஞ்சு தாலே" என்று கேலி செய்தேன். அப்புறம் காந்தத்தை வைத்துப் பார்த்தால், பச்சக்கென்று ஒட்டியது.

"ஏலே, உன்ன நல்லா ஏமாத்திப்போட்டான். இது சாதா இரும்பாக்கும்."

நீ சிரித்தாய். "சைலன்சருக்குன்னு செய்யுத எஸ்.எஸ். காந்தத்துல ஒட்டும்க்கா. இதத் தெரியாமத்தான் சாதா வெல்டிங் கம்பி வச்சு அடிச்சிருவானுவ. பாக்க சும்மா ஜம்முன்னு இருக்கும். ஆனா ரெண்டும் உருகிக் கலந்த எடம் முறுகிப்போகும். ரோட்டுல நாலு குலுக்கு குலுக்கினா வெடிச்சிரும்."

எஸ்.எஸ். குழாய், சாதா இரும்புப் பெட்டி இரண்டுக்கும் ஒத்துப்போகிற கம்பி என்று சொல்லி, முன்னூற்று ஒன்பதாம் நம்பரை எடுத்து ஆர்கான் வெல்டிங் அடித்தாய். முடித்ததும் ஒரு சாக்கைத் தண்ணீரில் முக்கி என் கையில் தந்தாய். எஞ்சினை ஓடவிட்டு, வாலில் புகை வருகிற வாயை நான் இறுக்கிப் பொத்த வேண்டும். ஒட்டு சரியாக இருந்தால், புகைக்குப் போக்கிடம் இல்லாமல் எஞ்சின் மூச்சு முட்டி நின்றுவிடும். கசிவு இருந்தால் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். "விடாதக்கா, பொத்து! நின்னுச்சுன்னா நாம ஜெயிச்சோம்!" என்று வண்டிக்கு அடியில் படுத்துக் கத்தினாய். எஞ்சின் உதறி உதறி நின்றது. கையெல்லாம் கரியோடு குதித்தோம். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

உன்னை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோன ஆம்புலன்சில் உன் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு, "நிக்காதலே, நிக்காதலே" என்றுதான் கெஞ்சினேன். வேறு ஜெபம் வாயில் வரவில்லை. வில்லுக்குறி தாண்டும் முன்னே நின்றுவிட்டது.

இன்றைக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே தக்கலைக்குத்தான் ஓடினேன். உன் ஷெட்டில் உப்புக்காற்று படாமல் பி.வி.சி. குழாய்க்குள் மூடி வைத்திருந்தாயே, அந்தக் கம்பிகளையும் கொண்டுபோனேன். அந்த ஆள் காந்தத்தை எடுத்தார். ஒட்டியது. "பாத்தியா? இது எங்க எஸ்.எஸ்.?" என்றார். நீ சொன்னதை அப்படியே சொன்னேன். "நீயா வெல்டிங் அடிக்க, இல்ல நானா?" என்று கேட்டு, உன் கம்பிகளை மூலையில் சாத்திவிட்டு, வெடித்த இடத்தின் மேலேயே தன் சாதாக் கம்பியை வைத்துப் பூசித் தந்தார். பார்க்க ஜம்மென்றுதான் இருந்தது. விவரம் தெரிந்தவர் குலசேகரத்தில் ஒருத்தர் இருந்தார். அவரும் துபாய்க்குப் போய்விட்டாராம்.

வரும் வழியில் அந்தக் குட்டியின் அம்மா போனில் கூப்பிட்டாள். "பரீட்ச நேரமாக்கும்க்கா. நாளைக்கு ஜன்னலத் தொறந்துபோட்டாவது வந்திரு. இல்லன்னா நாங்க வேற வேன் பாக்கணும்." ஒரு வீடு மாறினால் போதும், மிச்ச வீடுகளும் பின்னாலேயே போகும். இந்த வேனை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டு முற்றத்தில் எஞ்சினை ஓடவிட்டேன். சாக்கை நனைத்து, வண்டிக்குப் பின்னால் முட்டுக்குத்தி இருந்து பொத்தினேன். கை பொள்ளியது. விடவில்லை. உள்ளே எங்கேயோ ஸ்ஸென்று ஒரு சத்தம். "நில்லு சவமே! பிள்ளைகளுக்காவது நில்லு!" என்று வாய்விட்டு அழுதேன். உன்னிடம் நிற்காதே என்று கெஞ்சிய அதே வாய்தான். ஓடிக்கொண்டே இருந்தது, மக்கா. கொஞ்சம்கூடத் திணறவில்லை. கடைசியில் நானே எழுந்துபோய்ச் சாவியைத் திருப்பி நிறுத்தினேன்.

நாளைக்கு வேன் வராது என்று எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். அந்தத் தாய் பட்டென்று போனை வைத்தாள். அதற்கு மறுநாள் பற்றிக் கேட்டால் எனக்கே தெரியாது. உன் கம்பிகளைத் திருப்பி வாங்கி வந்து பழைய இடத்தில் வைத்திருக்கிறேன். எந்தக் கம்பி வேண்டும் என்று தெரியும். ஒட்டு சரியா என்று சோதித்துப் பார்க்கத் தெரியும். ஒட்டத்தான் தெரியாது. சாக்குப் பிடிக்கிற வேலையோடு என்னை ஏம்லே நிறுத்தினாய்?