மாதா போத்தலில் பனியாறு

சுவாமித் தட்டைத் துடைப்பதற்காகப் படங்களை இறக்கி வைத்தபோது அந்தப் போத்தல் கையில் வந்தது. மாதாவின் உருவத்தில் வார்த்த பிளாஸ்டிக் போத்தல். நீலக் கிரீடம்தான் மூடி. பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் இரண்டு வருடமாக நிற்கிறது. தண்ணீர் தெளிந்து, சாம்பல் நிற வண்டல் அடியில் படிந்திருந்தது. இன்றைக்கு இதை ஊற்றிவிடுவது என்று சமையலறைக்குக் கொண்டுவந்தேன். ஊற்றவில்லை. மேசையில் வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

போத்தல் உங்கள் வீட்டுடையது. யோசனையும் உன்னுடையதுதான். அல்ப்ஸ் மலைக்குப் போக அம்மா விடமாட்டா என்று நான் சொன்னபோது, நீ வேலை செய்த புடவைக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். "பனிக்குள்ளை பொம்பிளைப் பிள்ளையளுக்கு என்ன வேலை?" என்று அம்மா கேட்டதை நான் அப்படியே பேசிக் காட்டினேன். நீ சிரித்துவிட்டுச் சொன்னாய்: "லூர்துக்குப் போறம் எண்டு சொல்லு. மாதாவிட்டைப் போக வேண்டாமெண்டு எந்தத் தாய் சொல்லும்?"

இங்கே சைவக் குடும்பங்களும் வருடத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து லூர்துக்குப் போகிறவர்கள்தான். அம்மா மறுக்கமாட்டா என்பது எனக்கும் தெரியும்.

"நீ வேதக்காரியடி, மாதாவைக் கும்பிடுறனி. உனக்குப் பயமில்லையே?" என்று கேட்டேன்.

"மாதா என்னோடை கோவிக்கமாட்டா. நாங்கள் பழக்கம்."

அம்மா உடனே சம்மதித்தா. முழங்கால் வலிக்குப் பூச அங்குள்ள மாதா ஊற்றிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் மட்டும் கேட்டா.

வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரான ஸ்தேனிலிருந்து எங்கள் சிநேகிதி சுதா காரோடு வந்தாள். இரவிரவாக ஓடி, சனிக்கிழமை காலை மூன்று பேரும் மலை ஏறத் தொடங்கினோம். சுதா முன்னால், நீயும் நானும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். பாதையின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் இளஞ்சிவப்புப் பூப்புதர்கள். ஈரமான இடங்களில், இலவம்பஞ்சைப் பிய்த்துச் செருகிவைத்தது போல வெள்ளைப் பூக்கள். எங்களைக் கடந்துபோன வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் மலைக்கு ஒவ்வாத உன் மெல்லிய சப்பாத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நீ அவருக்கு "பொன்ஜூர்" சொல்லிவிட்டு, "அவரின்ரை பொறாமையைப் பார்" என்றாய்.

புல்லுக்குள் ஒரு நீலப் பூ. அப்படி ஒரு நீலத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. நீ குப்புறப் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகில் வந்து வெயிலை மறைத்தது. சிறிது நேரத்தில் பூ தன்னைச் சுருட்டி மூடிக்கொண்டது.

"இது நீதான்," என்றாய் என்னைப் பார்த்து. "கொஞ்சம் வெய்யில் போனாக் காணும், கதவைச் சாத்திப்போடுவாய்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. நீ சொன்னது சரி. நான் யாருக்கும் எதையும் சொல்லாதவள், உன்னைத் தவிர.

மேலே உறைந்து கிடந்த பனியாற்றை நான் வெள்ளையாக நினைத்திருந்தேன். அது கல்லும் தூசியும் மூடி, தோய்க்காத போர்வை போல் கிடந்தது. வெடிப்புகளுக்குள் மட்டும் நீலம். எங்கோ உள்ளே அது முறியும் சத்தம் கேட்டது. "இதுக்கோ இவ்வளவு தூரம் நடந்தனாங்கள்?" என்றாள் சுதா. லா சப்பல் தமிழ்க்கடையில் வாங்கிய மட்டன் ரோல்ஸை அங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு நீ கீழே ஓடிய நீரில் மாதா போத்தலை அமிழ்த்தினாய். உன் விரல்கள் சிவந்துபோயின. தண்ணீர் நீர் கலந்த பால் போல் இருந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. நீதான் திடீரென்று முகத்தை இறுக்கி, போத்தலின் மேல் கை வைக்கச் சொன்னாய்.

"சத்தியம் பண்ணுங்கோ. செத்தாலும் ஒருத்தரும் சொல்லக்கூடாது."

மூன்று ஈரக் கைகள். சத்தியம் கேட்டவள் நீ.

வீட்டில் அம்மா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கண்கள் கலங்கச் சொன்னா: "பாத்தியே பிள்ளை, சைவக்காரருக்கெண்டு மாதா திருநீறு போட்டு அனுப்பியிருக்கிறா." அதை உனக்குத் தொலைபேசியில் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் அம்மா நாலு துளி எடுத்து முழங்காலில் பூசுவா. "வலி குறைஞ்சிட்டுது" என்பா. நான் பக்கத்தில் இருந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பேன்.

போன மார்கழியில் நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். "சின்ன ஒப்பரேசன்தான், கிறிஸ்மசுக்கு முதல் வீட்டை வந்திடுவன்" என்றாய். நான் நம்பினேன். எனக்குச் சொல்லாமல் அம்மா உன்னைப் பார்க்க வந்தா, அந்தப் போத்தலோடு. விரலை நனைத்து உன் நெற்றிக்குக் கொண்டுவந்தபோது நீ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாயாம். "அன்ரி, அது மாதாவின்ரை தண்ணி இல்லை" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாயாம்.

அம்மா வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டா: "நான் முழங்கால்லை பூசேக்கை நீ பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனி?"

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கைபேசியில் உனக்கு எழுதினேன்: "ஏன் சொன்னனி?" உன் பதில் உடனே வந்தது: "பொய்யை நெத்தியிலை பூச விட ஏலாது." நான் திரும்ப எழுதினேன்: "உன்ரை பொய்யைச் சொல்லியிருக்கலாம். என்ரையை ஏன் சொன்னனி?" அதற்கு நீ பதில் அனுப்பவில்லை. நானும் உன்னைப் பார்க்க வரவில்லை, பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் சுதா அழுதுகொண்டு அழைத்தாள்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகுதான் அம்மா வாய் திறந்தா. "டொக்டர்மார் கைவிட்டிட்டினம் எண்டு அவள் எனக்கு அண்டைக்கே சொன்னவள். உனக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவள்."

என்னோடு செய்த சத்தியத்தை முறித்த அதே கட்டிலில், என்னை வெளியே வைத்து இன்னொரு சத்தியம். நீ பொய் சொல்லியிருந்த அம்மாவுக்கு இரண்டு உண்மைகள். எனக்கு "சின்ன ஒப்பரேசன்". அம்மா அந்த ஒரு மணி நேரத்தில் உன்னோடு கோபித்து, அழுது, மன்னித்து, உன் தலையைத் தடவிவிட்டு வந்தா. எனக்கு அந்த ஒரு மணி நேரத்தை நீ வைத்துவிட்டுப் போகவில்லை. நான் தாங்கமாட்டேன் என்று நினைத்திருக்கலாம். அப்படி நினைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இவ்வளவும் எழுதியபோது அம்மா வந்து எதிரே உட்கார்ந்தா. இன்று வெள்ளிக்கிழமை. நீ போன பிறகு போத்தல் திறக்கப்படவே இல்லை.

"ஊத்தப் போறியோ?"

"இது வெறும் பனித்தண்ணி, அம்மா."

"தெரியும். அந்தப் பிள்ளை கை விறைக்க விறைக்க அள்ளின தண்ணி. தா."

சேலையை முழங்கால்வரை உயர்த்தினா. இந்த முறை நான் பக்கத்தில் சும்மா இருக்கவில்லை. போத்தலைக் குலுக்கி, கிரீடத்தைத் திருகிக் கழற்றி, என் கையில் ஊற்றி, நானே பூசிவிட்டேன். ஈரம் காய்ந்ததும் அம்மாவின் தோலில் மெல்லிய சாம்பல் படிந்தது. என் உள்ளங்கையிலும் படிந்திருக்கிறது. உன்னை நான் மன்னிக்கவில்லை. கையை இன்னும் கழுவவும் இல்லை.